வீட்டில் செய்யும் சப்வூஃபர் பெட்டி: மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பீக்கரைக் கடையில் வாங்கிவிட்டு, பெட்டியை மட்டும் சொந்தமாகவோ ஆசாரியை வைத்தோ செய்துகொள்ள நினைப்பவர்களுக்காக இது. கார் சப்வூஃபரை, அதாவது பேஸ் என்கிற ஆழமான ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கரை, வீட்டு ஹாலில் வைக்க ஆசைப்படுபவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். அதனால் கணக்குகள் எல்லாம் 12 இஞ்ச் ஸ்பீக்கரை வைத்தே போட்டிருக்கிறேன். எனக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு: முதல் பெட்டி ஓட்டை இல்லாத மூடிய பெட்டியாக இருக்கட்டும். காரணம் போகப் போகத் தெரியும்.

நல்ல ஸ்பீக்கர் வாங்கினால் போதாதா? பெட்டியில் அப்படி என்ன இருக்கிறது?

பெட்டி இல்லாமல் ஸ்பீக்கரைக் கையில் பிடித்துக்கொண்டு பாட்டைப் போட்டுப் பாருங்கள். கூம்பு முன்னும் பின்னும் ஆடும், ஆனால் பேஸ் மட்டும் காதுக்கு வராது. முன்பக்கம் காற்றைத் தள்ளும் அதே நேரத்தில் பின்பக்கம் காற்றை இழுக்கிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை சுமார் எட்டரை மீட்டர் நீளம், அதாவது 28 அடி. அவ்வளவு பெரிய அலைக்கு 12 இஞ்ச் தகடு ஒரு தடையே இல்லை. பின்பக்க அலை விளிம்பைச் சுற்றி வந்து முன்பக்க அலையை அழித்துவிடும். இரண்டையும் பிரிப்பது பெட்டியின் முதல் வேலை.

இரண்டாவது வேலை, உள்ளே அடைபட்ட காற்று ஸ்பிரிங்காக நின்று கூம்பைப் பிடித்து இழுப்பது. 1954-இல் எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர் ஏஆர்-1 என்ற ஸ்பீக்கரைக் கொண்டுவந்தது இந்தக் காற்று ஸ்பிரிங்கை நம்பித்தான். அதுவரை ஆழமான பேஸ் வேண்டுமென்றால் பீரோ அளவுக்குப் பெட்டி தேவைப்பட்டது. அவர் அதை அலமாரித் தட்டில் வைக்கும் அளவுக்குக் கொண்டுவந்தார்.

அந்தக் காலத்தில் பானை மேல் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்துக் கேட்போமே, அது சப்வூஃபரா?

கேலியாக நினைத்துக் கேட்கிறார்கள், ஆனால் நல்ல கேள்வி. பானையில் இரண்டு நல்ல விஷயங்கள் இருக்கின்றன. சுவர் வளைந்தது என்பதால் தட்டையான பலகையைப் போல எளிதில் அதிராது. எதிரெதிராக இரண்டு நேர்ச்சுவர்கள் இல்லாததால் உள்ளே ஒலி முட்டிக்கொண்டு நிற்பதும் குறைவு. இந்த இரண்டுக்காகவும் இன்றைக்குப் பெரிய கம்பெனிகள் உருண்டைப் பெட்டி செய்து நல்ல விலைக்கு விற்கின்றன.

கெடுவது வேறு இடத்தில். வாயும் ஸ்பீக்கர் விளிம்பும் இறுகப் பொருந்தாது, இடைவெளியில் காற்று போய்விடும். அப்போது பானை ஒரே ஒரு சுருதியில் மட்டும் ஓங்கி ஒலிக்கும். கடம் வாசிப்பவர் கடத்தின் வாயை வயிற்றில் வைத்து அழுத்தியும் எடுத்தும் குரலை மாற்றுகிறாரே, அதே சங்கதி. பாட்டில் அந்தச் சுருதி வரும்போதெல்லாம் டீக்கடையே அதிரும், மற்ற நேரம் சாதாரணமாக இருக்கும். நமக்குத்தான் அது பேஸ் மாதிரித் தெரிந்தது.

மானாமதுரையில் சொல்லி, கனமான பானையாக வாங்கி, வாயில் பிளைவுட் வளையம் வைத்து எம்-சீல் போட்டு அடைத்தால் 6 இஞ்ச் ஸ்பீக்கருக்கு அருமையான மூடிய பெட்டி கிடைக்கும். கொள்ளளவைத் தண்ணீர் ஊற்றி அளந்துகொள்ளலாம், எந்தப் பலகைப் பெட்டியிலும் செய்ய முடியாத வசதி. 12 இஞ்சுக்கு மட்டும் வேண்டாம். அவ்வளவு அகன்ற வாயுள்ள பானை தூக்கும்போதே உடையும்.

என் ஸ்பீக்கருக்கு எத்தனை லிட்டர் பெட்டி?

இதற்கு யாரும் குத்துமதிப்பாகப் பதில் சொன்னால் நம்பாதீர்கள். நான் உட்பட. பதில் ஸ்பீக்கரோடு வரும் தாளில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இல் ஆரம்பித்து வைத்ததை ரிச்சர்ட் ஸ்மால் 1970-களில் முழுமையாக்கினார். அதனால் அந்த எண்களுக்கு தீல்-ஸ்மால் அளவுகள் என்று பெயர். நமக்கு வேண்டியது மூன்று:

எஃப்.எஸ்: ஸ்பீக்கர் தனியாக இருக்கும்போது எந்த அதிர்வெண்ணில் இயல்பாக ஆடும் என்பது.
க்யூ.டி.எஸ்: அந்த ஆட்டம் எவ்வளவு கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பது.
வி.ஏ.எஸ்: கூம்பின் விறைப்புக்குச் சமமான விறைப்புள்ள காற்று எத்தனை லிட்டர் என்பது.

தாளில் எஃப்.எஸ் 28 ஹெர்ட்ஸ், க்யூ.டி.எஸ் 0.38, வி.ஏ.எஸ் 75 லிட்டர் என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூடிய பெட்டிக்குள் போனதும் ஸ்பீக்கரின் க்யூ ஏறும், அதாவது கட்டுப்பாடு குறையும். அது 0.707-இல் நின்றால் எந்த மேடும் இல்லாமல் ஒலி சீராகக் கீழே இறங்கும். அதற்கான கணக்கு: 0.707-ஐ க்யூ.டி.எஸ்ஸால் வகுத்து, வரும் விடையை அதே எண்ணால் பெருக்கி, 1 கழித்து, அதனால் வி.ஏ.எஸ்ஸை வகுக்க வேண்டும். 0.707 ÷ 0.38 = 1.86. வர்க்கம் 3.46. ஒன்று கழித்தால் 2.46. 75 ÷ 2.46 = 30.5 லிட்டர். ஆட்டம் இப்போது 28-இன் 1.86 மடங்கு, அதாவது 52 ஹெர்ட்ஸுக்கு ஏறியிருக்கும்.

இடம் இல்லை என்று இதே ஸ்பீக்கரை 15 லிட்டரில் திணித்தால் க்யூ 0.93, ஆட்டம் 69 ஹெர்ட்ஸ். தும் தும் என்று முழங்கும், ஆழம் போய்விடும். கேட்டுத் தெரிந்துகொள்ள வாடிப்பட்டி மேளத்தின் நல்ல பதிவு ஒன்றைப் போடுங்கள். அளவான பெட்டியில் ஒவ்வோர் அடியும் விழுந்ததும் நிற்கும். சின்னப் பெட்டியில் ஓர் அடியின் வால் அடுத்த அடி மேல் ஏறிக்கொள்ளும். வாங்கும்போது பலருக்கு அந்த முழக்கம்தான் பிடிக்கிறது, ஒரு வாரம் போனால் தலைவலிக்கிறது என்பார்கள்.

கணக்குப் போடச் சோம்பலாக இருந்தால் வின்ஐஎஸ்டி என்ற இலவச மென்பொருளில் இந்த எண்களைக் கொடுங்கள், வரைபடமே வரும்.

தாளே கொடுக்கவில்லை. "எல்லாப் பெட்டிக்கும் செட் ஆகும்" என்றார் கடைக்காரர்.

டவுன்ஹால் ரோட்டில் கேட்டு வாங்கும்போதே தாள் இருக்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். காந்தத்தின் எடையைக் கையில் தூக்கிப் பார்த்து வாங்குவது ஒரு பரீட்சையே அல்ல. ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால், 12 இஞ்சுக்குச் சுமார் 35 லிட்டரில் மூடிய பெட்டி செய்து பஞ்சு போட்டுக்கொள்ளுங்கள், பெரிய தவறு வராது. தாள் இல்லாத ஸ்பீக்கருக்குப் போர்ட் (காற்று போய்வரும் குழாய்) வைத்த பெட்டி மட்டும் செய்யவே கூடாது.

போர்ட் வைத்தால் பேஸ் கூடுதலாக வரும் என்கிறார்களே?

வரும். ஸ்பீக்கரின் பின்பக்க அலையை வீணாக்காமல் குழாய் வழியே திருப்பி அனுப்பும் உத்தி அது. பெல் லேப்ஸைச் சேர்ந்த ஆல்பர்ட் துராஸுக்கு 1932-இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. குழாயில் இருக்கும் காற்று எடையாகவும், பெட்டியில் இருக்கும் காற்று ஸ்பிரிங்காகவும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஆடும்.

மேலே சொன்ன அதே ஸ்பீக்கருக்கு 55 லிட்டர், 32 ஹெர்ட்ஸ் என்று வைப்போம். பிளம்பிங் கடையில் கிடைக்கும் நாலு இஞ்ச் பிவிசி பைப்புக்கு வெளிவிட்டம் 110 மில்லிமீட்டர். உள்விட்டம் கனத்தைப் பொறுத்து மாறும் என்பதால் அளந்துகொள்ளுங்கள். 10.4 சென்டிமீட்டர் என்று கொண்டால்: 23,562-ஐ விட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அதிர்வெண்ணின் வர்க்கத்தாலும் லிட்டராலும் வகுத்து, விட்டத்தின் 0.73 மடங்கைக் கழித்தால் குழாயின் நீளம் வரும். இங்கே சுமார் 37.7 சென்டிமீட்டர். பெட்டியின் ஆழத்துக்குள் அது அடங்காது. எல்போ போட்டு மடக்க வேண்டும். நீளத்தை நடுக்கோட்டில் அளக்க வேண்டும், குழாயின் உள்முனைக்கும் சுவருக்கும் ஒரு விட்டம் அளவுக்காவது இடைவெளி வேண்டும்.

சின்னக் குழாய் போட்டால் நீளம் குறையுமே என்று தோன்றும். 7 சென்டிமீட்டர் குழாய்க்கு 15 சென்டிமீட்டர்தான் வருகிறது. ஆனால் அதில் காற்று பாய்கிற வேகத்தில் பாட்டுக்கு நடுவே புஸ் புஸ் என்று சத்தம் கேட்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறு. 32 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் போர்ட் பெட்டிக்குள் கூம்பைப் பிடிக்க எதுவுமே இல்லை. படத்தில் ஒரு வெடிச் சத்தம் வந்தால் கூம்பு எல்லை தாண்டிப் போய், அதை ஆட்டும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் (coil) அடிபடும். ஆம்ப்ளிஃபயரில் சப்சானிக் ஃபில்டர் (மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டிவிடும் வசதி) இருந்தே ஆக வேண்டும். மூடிய பெட்டியில் காற்று ஸ்பிரிங்கே காவல். தவிர, மூடிய பெட்டியில் பேஸ் கீழே இறங்க இறங்க மெதுவாகத்தான் குறையும். செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் உள்ள நம் சின்ன அறைகள் அந்தக் குறைவில் ஒரு பங்கைத் தாமே ஈடுகட்டும். சித்திரை வெயிலில் ஜன்னல், கதவு எல்லாம் திறந்து வைத்தால் அந்த ஈடு குறையும், அது வேறு கதை.

எந்தப் பலகை?

18 அல்லது 19 மில்லிமீட்டர் பிளைவுட். ஐஎஸ் 710 முத்திரை உள்ள மெரைன் கிரேடு கிடைத்தால் கரையான் பயமும் தண்ணீர்ப் பயமும் குறைவு. ஐஎஸ் 303 முத்திரை உள்ளதும் வீட்டுக்குள் போதும். எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) ஒலிக்கு மிக நல்லது, பெயிண்ட் அடிக்கவும் வழவழப்பாக இருக்கும், ஆனால் வீடு துடைக்கும் தண்ணீர் அடிவிளிம்பில் ஏறினால் உப்பிவிடும். அடியில் ரப்பர் கால் போட்டுக்கொள்ளுங்கள். பழைய கம்ப்யூட்டர் மேஜையைப் பிரித்து வந்த பார்ட்டிகிள் போர்டு வேண்டவே வேண்டாம், ஸ்க்ரூ பிடிக்காது. கடப்பா கல்லில் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: செய்யலாம், யார் தூக்குவது?

ஆசாரியிடம் எப்படிச் சொல்வது?

லிட்டர் கணக்கைச் சொல்லாதீர்கள், வெட்டும் அளவுகளைத் தாளில் எழுதிக் கொடுங்கள். நம் உதாரணத்துக்கு 30.5 லிட்டர் நிகரக் காற்று வேண்டும். ஸ்பீக்கரின் பின்பாகம் சுமார் 3 லிட்டரும், உள்ளே வைக்கும் குறுக்குக் கட்டைகள் 2 லிட்டரும் எடுத்துக்கொள்ளும். ஆக உள்ளளவு 350 × 350 × 290 மில்லிமீட்டர், 35.5 லிட்டர். 18 மில்லிமீட்டர் பலகையில்:

முன், பின்: 386 × 386, மூன்று பலகை (முன்பக்கம் இரட்டை)
மேல், கீழ்: 386 × 290, இரண்டு
பக்கங்கள்: 350 × 290, இரண்டு

எட்டுக்கு நாலு ஷீட்டில் பாதி வாங்கினால் தாராளமாக மிஞ்சும், மிச்சத்தில் குறுக்குக் கட்டை ஆகிவிடும். வாங்கும் கடையிலேயே மெஷினில் வெட்டித் தந்தால் அங்கேயே வெட்டிக்கொள்ளுங்கள். பேனல் சா நேராக வெட்டும் அளவுக்குக் கையில் பிடித்த கட்டர் வெட்டாது.

நம் ஆசாரிகள் நூல் கணக்கில் வேலை செய்பவர்கள். ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. அலமாரிக் கதவில் அரை நூல் இடைவெளி இருந்தால் யாரும் கவனிக்கப் போவதில்லை. இங்கே அரை நூல் இடைவெளி என்றால் பெட்டி விசில் அடிக்கும். "அண்ணே, இது தண்ணித் தொட்டி மாதிரி, ஒரு சொட்டு ஒழுகக் கூடாது" என்று சொல்லிவிட்டால் அவருக்குச் சட்டென்று புரியும்.

வட்டம் வெட்டும்போது கவனம். 12 இஞ்ச் ஸ்பீக்கர் என்றால் 12 இஞ்ச் ஓட்டை போட்டுவிடுவார்கள். ஸ்பீக்கர் உள்ளே விழுந்துவிடும். விளிம்பு உட்காரும் அளவுக்கு உள்ளே தள்ளி வெட்ட வேண்டும், பெரும்பாலும் 280 மில்லிமீட்டர் சுற்றி வரும். ஸ்பீக்கரையே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது உத்தமம்.

ஒட்டுவதிலும் அடைப்பதிலும் என்ன பார்க்க வேண்டும்?

ஃபெவிக்காலை விளிம்பு முழுக்கத் தடவி, ஸ்க்ரூ போட்டு இறுக்கினால் கோந்து வெளியே பிதுங்கி வர வேண்டும். பிதுங்காத இடத்தில் கோந்து போதவில்லை என்று அர்த்தம். ஸ்க்ரூவுக்கு முதலில் சின்ன பிட்டால் வழி போடுங்கள், இல்லாவிட்டால் பிளைவுட் விளிம்பு பிளந்துவிடும். மூலைமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டே இறுக்குங்கள். வெட்டும்போது விழுந்த மரத்தூளை ஃபெவிக்காலில் குழைத்து உள்மூலைகளில் விரலால் இழுத்துப் பூசி, ஒரு நாள் விட்டால் பாறையாகிவிடும். வயர் வரும் டெர்மினலைச் சுற்றி சிலிக்கோன். ஸ்பீக்கர் விளிம்புக்கு அடியில் ஃபோம் டேப் கட்டாயம். விளிம்பை ஒட்டாதீர்கள், ஒரு நாள் கழற்ற வேண்டியிருக்கும்.

எல்லாம் காய்ந்ததும் கூம்பை இரண்டு கை விரல்களாலும் மெதுவாக, நேராக உள்ளே அழுத்திவிட்டு எடுங்கள். படக்கென்று திரும்பினால் எங்கோ கசிகிறது. சோம்பலாகத் திரும்பினால் பெட்டி இறுக்கம். கசியும் இடம் தெரிய வேண்டுமா? ஃபேனை நிறுத்திவிட்டு, 25 ஹெர்ட்ஸ் டோனை மெல்லிய சத்தத்தில் ஓடவிட்டு, ஊதுபத்தியை மூட்டுகளின் ஓரமாகக் கொண்டுபோங்கள். புகை நேராகப் போகாமல் எங்கே நடுங்குகிறதோ அங்கேதான் கசிவு.

உள்ளே பஞ்சு போடலாமா? போடியிலிருந்து இலவம் பஞ்சு வீட்டில் இருக்கிறது.

மூடிய பெட்டியில் போடலாம். பஞ்சின் இழைகள் காற்றின் சூட்டை வாங்கித் திருப்பிக் கொடுப்பதால் காற்று ஸ்பிரிங் கொஞ்சம் இளகி, பெட்டி உண்மையைவிடச் சற்றுப் பெரியதாக நடந்துகொள்ளும். ஆனால் இலவம் பஞ்சு பறக்கும். ஓர் இழை காயில் இடைவெளிக்குள் போனால் கரகர சத்தம் வந்துவிடும். தலையணைக்குப் போடும் பாலியெஸ்டர் பஞ்சு மேல். இலவம் பஞ்சுதான் என்றால் மெல்லிய துணிப்பையில் அடைத்துத் தைத்துப் போடுங்கள். ஸ்பீக்கரின் பின்பக்கம் காற்றோட்டத் துளை இருந்தால் அதை மூடக் கூடாது.

4440 ஆம்ப்ளிஃபயர் போர்டு இருக்கிறது, போதுமா?

ஊர்ப் பக்கம் பாதிப் பேர் ஒலியின் ஆனா ஆவன்னா கற்றதே 4440 ஐசியில்தான். ஆனால் பிரிட்ஜ் செய்தாலும், அதாவது இரண்டு சேனலையும் ஒன்றாகச் சேர்த்தாலும், அது 19 வாட்ஸ்தான். 6 இஞ்ச், 8 இஞ்சுக்குச் சரி. 12 இஞ்ச் கார் சப்வூஃபரை அது அசைக்கும், ஓட்டாது. டிபிஏ3116 ஆம்ப்ளிஃபயர் போர்டில் 100 வாட்ஸ் வரைக்கும் போகலாம், வீட்டு ஹாலுக்கு அது நிறைய.

கார் ஆம்ப்ளிஃபயரையே வீட்டில் ஓட்டுவதானால் மின்சாரக் கணக்கைப் பாருங்கள். 300 வாட்ஸ் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் உண்மையான வாட்ஸ்) வெளியே வர 12 வோல்ட்டில் 30 ஆம்பியர் உள்ளே போக வேண்டும். சிசிடிவி கேமராவுக்குப் போடும் 5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளையின் மொத்தத் திராணியே 60 வாட்ஸ். பெரிய அடி விழும்போதெல்லாம் ஆம்ப் அணைந்து எரிவது இதனால்தான். அட்டையில் ஊதிப் பெருக்கிப் போட்டிருக்கும் பிஎம்பிஓ வாட்ஸை மறந்துவிடுங்கள், ஆர்எம்எஸ் மட்டும்தான் பேச்சு.

இரட்டைக் காயில் ஸ்பீக்கர் (4+4 ஓம்) என்றால் தொடராக இணைத்தால் 8 ஓம், இணையாக இணைத்தால் 2 ஓம். உங்கள் ஆம்ப் 2 ஓம் தாங்குமா என்று பார்க்காமல் இணையாகக் கொடுக்காதீர்கள். ஒரு காயிலை மட்டும் இணைத்து மற்றதைச் சும்மா விட்டால் தாளில் உள்ள எண்களே மாறிவிடும், அப்புறம் பெட்டிக் கணக்கும் தப்பு.

பாட்டு ஓடாதபோதும் ம்ம்ம் என்று ஒரு இரைச்சல்.

கேபிள் டிவி செட்டாப் பாக்ஸின் வயரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றால் கிரவுண்ட் லூப், அதாவது இரண்டு கருவிகளின் எர்த் வழியாகச் சுற்றி வரும் மின்சாரம். நிற்காவிட்டால் சுவர் பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை அலங்காரத்துக்குத்தான்.

ஹாலில் எங்கே வைப்பது?

மூலையில் வைத்தால் சத்தம் கூடும், சீராக இருக்கும் என்று சொல்ல முடியாது. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் நீளவாக்கில் 48 ஹெர்ட்ஸும், அகலவாக்கில் 57 ஹெர்ட்ஸும் சுவருக்குச் சுவர் முட்டி நிற்கும். அந்தச் சுருதிகள் ஓரிடத்தில் இடிக்கும், அறையின் நடுவில் காணாமல் போகும். வழி சுலபம். நீங்கள் உட்காரும் நாற்காலியில் பெட்டியை ஏற்றி வைத்துப் பாட்டைப் போடுங்கள். அப்புறம் சுவரோரமாகக் குனிந்து நடந்து, பேஸ் எங்கே ஒழுங்காகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வையுங்கள். கிராஸ்ஓவரை (எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே சப்வூஃபருக்குப் போகும் என்று பிரிப்பது) 80 ஹெர்ட்ஸில் நிறுத்தினால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிக்காது, சோஃபாவுக்குப் பின்னால்கூட வைக்கலாம்.

பரண் பாத்திரமெல்லாம் கடகடக்கிறது. பக்கத்து வீட்டு அத்தை வேறு கதவைத் தட்டுகிறார்.

பாத்திரத்துக்கு மருந்து உண்டு. போனில் டோன் ஆப் போட்டு 20-இலிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றிக்கொண்டே போங்கள். 40-க்குப் பக்கத்தில் ஷோகேஸ் கண்ணாடி, கொஞ்சம் மேலே போனால் பீரோக் கைப்பிடி, அடுத்து எவர்சில்வர் தட்டு என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுக்கும். நாலு துண்டு ரப்பர் வைத்தால் தீர்ந்தது.

அத்தைக்கு மருந்து வால்யூம் குமிழ்தான். செல்லூர் மாதிரிச் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் பெட்டிக்கு அடியில் ரப்பர் மேட் போட்டால் தரை வழியாகப் போவது குறையும், காற்று வழியாகப் போவது போகத்தான் செய்யும். குடியிருப்புப் பகுதிக்கு ஒலி மாசு விதிகள், 2000 சொல்லும் அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45.

போர்ட் ஓட்டையில் கரப்பானும் சுண்டெலியும் குடியேறுகின்றன.

உள்முனையில் கம்பி வலையை வளைத்துக் கட்டிவிடுங்கள். நெருக்கமான கொசுவலை வேண்டாம், காற்றைத் தடுக்கும். மூடிய பெட்டி செய்தவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகலாம்.

ஊர்த் திருவிழாவுக்கு இதையே தூக்கிக்கொண்டு போய் வைக்கலாமா?

வேண்டாம். திறந்த வெளியில் அறைச் சுவரின் உதவி இல்லை. தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். பத்தாவது வரிசைக்குக் கேட்கவில்லை என்று யாராவது வால்யூமைத் திருகுவார்கள், அன்றைக்கே காயில் கருகிவிடும். ரேடியோ செட்டுக்காரர்கள் வைப்பது 18 இஞ்ச், அதுவும் ஒன்றல்ல, அடுக்கடுக்காக. கொஞ்சம் வாட்ஸில் நிறையச் சத்தம் தருவதற்கென்றே செய்த ஸ்பீக்கர்கள் அவை. ஹால் சப்வூஃபர் அவ்வளவு ஆழமாக இறங்குவதே அந்தச் சத்தத்தைத் தியாகம் செய்துதான். திருவிழாவுக்கு அவர்களையே வாடகைக்குக் கூப்பிடுங்கள், இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை என்பதையும் அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள்.